கேட்டால் சொல்கிறேன்: பிரசங்கத்தை மாற்றிப் பார்க்கலாமா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால், எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஒன்று, பிரசங்க முறையை மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். இல்லையென்றால், மாற்றிப் பார்த்தவர்மேல் கோபமாக இருக்கிறார்கள். கல்யாணம், வீட்டு மனை, பிள்ளைகள் படிப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கங்க ஐயா. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு எனக்குப் பிரசங்க முறை வரும். மூன்று குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனம், கடைசியில் ஒரு சம்பவம், அப்புறம் ஜெபம். முதல் குறிப்பு சொல்லும்போதே மூன்றாவது என்னவென்று ஜனங்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கதை போலக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றால், 'பீடம் என்ன பாட்டி கதை சொல்ற இடமா' என்கிறார் மூப்பர் ஒருவர். என்ன செய்யட்டும்?
ஒரு வாசகர், திருப்பூர்

மூப்பர் சொல்வதில் கால்வாசி நியாயம் இருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

மூன்று குறிப்பில் பாவம் ஒன்றும் இல்லை தம்பி. நம் பெரியவர்கள் அதை வைத்துத்தான் சபைகளை வளர்த்தார்கள், இன்றைக்கும் ஒழுங்காகச் செய்தால் மனதில் நிற்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை நீங்கள் வேதபகுதியை எடுக்கிறீர்கள், ஒன்றும் புரியவில்லை, இதென்ன இப்படிச் சொல்லியிருக்கிறது என்று மனதுக்குள் சண்டை போடுகிறீர்கள், வேலைக்கு நடுவில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது, வியாழக்கிழமை ராத்திரி சட்டென்று ஒரு வெளிச்சம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள்? திங்கள் முதல் வியாழன் வரை பட்ட பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, வியாழக்கிழமை கிடைத்த முடிவை மட்டும் மூன்றாக நறுக்கிக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். நீங்கள் அனுபவித்ததில் ருசியான பகுதி சபைக்குக் கிடைப்பதே இல்லை. அமெரிக்காவில் பிரெட் கிராடாக் என்கிற பிரசங்கியார் 1971இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொன்னார்: பிரசங்கியார் நடந்த வழியிலேயே கேட்பவர்களையும் நடத்திக்கொண்டு போ, முடிவை முதலிலேயே போட்டு உடைக்காதே. 1980இல் யூஜின் லௌரி என்பவர் அதற்கு ஐந்து படிகள் வகுத்தார்: முதலில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சம் கலைத்துவிடு, ஏன் இப்படி என்று தோண்டு, யாரும் எதிர்பார்க்காத ஒரு திறப்பைக் காட்டு, அங்கே சுவிசேஷத்தை வை, அதற்குப் பிறகு நாளை எப்படி இருக்கும் என்று சொல்லி இறங்கு.

சும்மா தத்துவமாகச் சொன்னால் உங்களுக்குப் பிரயோஜனப்படாது. உங்கள் ஊருக்கென்றே எழுதின மாதிரி ஒரு பகுதி இருக்கிறது, மத்தேயு 20, திராட்சத்தோட்டக் கூலியாட்கள்; காலையில் வந்தவருக்கும் சாயங்காலம் வந்தவருக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிற உவமை. வழக்கமான பிரசங்கம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்: தேவன் அழைக்கிறார், தேவன் வேலை தருகிறார், தேவன் கூலி தருகிறார், ஆமென். அதை விட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் வாங்குகிற வரிசையில் ஆரம்பியுங்கள். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்த ஒரு டெய்லர் அக்கா நிற்கிறார். அவருக்குப் பின்னால், சனிக்கிழமை சாயங்கால டீ முடிந்து வந்து சேர்ந்த ஒரு பையன் நிற்கிறான். இரண்டு கவரிலும் ஒரே தொகை. இந்த இடத்தில் தேவன் என்ற பெயரையே எடுக்காதீர்கள். 'இது நியாயமாங்க?' என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள். உங்கள் சபையில் பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றவர்கள், அவர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். உடனே தண்ணீர் ஊற்றி அணைக்கப் போகாதீர்கள், அதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் அவசரப்படுகிற இடம்.

அப்புறம் வேதத்தைத் திறந்து, எட்டாம் வசனத்தில் விரலை வையுங்கள். கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடு என்கிறார் எஜமான். காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர்கள் பேசின கூலியை வாங்கி முடிந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், தகராறே வந்திருக்காது. வேண்டுமென்றே அவர்கள் கண் முன்னால் நடத்துகிறார். ஏன்? இந்தக் கேள்வியோடு ஒரு இரண்டு நிமிஷம் சபையை நிற்க வையுங்கள். பிறகு ஆறாம் ஏழாம் வசனத்துக்குத் திரும்பிப் போங்கள். ஏன் நாள் முழுக்க இங்கே சும்மா நிற்கிறீர்கள் என்று கடைசியில் வந்தவர்களை எஜமான் கேட்டதற்கு, எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். காலையில் கூலி ஆட்கள் கூடி நிற்கிற முக்கைப் பார்த்தவர்களுக்குச் சாயங்காலம் அங்கே யார் மிச்சம் நிற்பார்கள் என்று தெரியும். வயசானவர், கால் இழுத்து நடக்கிறவர், போன வாரம் மேஸ்திரியிடம் சண்டை போட்டவர். வேதத்தில் இவர்கள் இன்னார் என்று எழுதியிருக்கவில்லை, அதனால் 'இப்படி இருந்திருக்கலாம்' என்று சொல்லிவிட்டே சொல்லுங்கள். அந்த இடத்தில் டெய்லர் அக்காவின் கோபத்துக்குள் வேறு ஒன்று நுழையும், ஏனென்றால் அவருடைய அப்பாவோ தம்பியோ அந்த முக்கில் நின்றிருப்பார்கள். நீ வன்கண்ணனாயிருக்கலாமா, அதாவது பொறாமைப்படலாமா என்ற எஜமானுடைய கேள்வியோடு உவமை நிற்கிறது, காலையில் வந்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று இயேசு சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

சரி, மூப்பருடைய கால்வாசி நியாயம். கதை முறை என்றதும் நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் பீடத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கழுகு நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் உடைத்துக்கொண்டு, நகத்தைப் பிடுங்கி, புதிதாக முளைத்து இன்னும் முப்பது வருஷம் வாழும் என்று எத்தனை கன்வென்ஷனில் கேட்டிருப்பீர்கள்! எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை, அலகு போனால் அது பட்டினியில் சாகும். மத்தேயு 20இல் கதை ஏற்கெனவே இருக்கிறது, வெளியிலிருந்து ஒன்றும் கொண்டுவர வேண்டாம். அந்தப் பகுதிக்குள்ளேயே நீங்கள் நடப்பதைப் பார்த்தால் மூப்பர் ஒன்றும் சொல்ல மாட்டார். முதல் தடவையை ஞாயிறு ஆராதனையில் வைத்துக்கொள்ளாமல், பதினைந்து பேர் பாய் விரித்து உட்காருகிற வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்று முகத்திலேயே தெரிந்துவிடும்.

எங்கள் சபைக்குப் புதிதாக வந்த ஆயர் பீடத்தில் நிற்பதே இல்லை. கீழே இறங்கி வந்து, நடந்துகொண்டே கேள்வி கேட்கிறார். 'நீங்க சொல்லுங்க பாட்டி' என்று என் மாமியாரைக் கேட்டுவிட்டார், அவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. இது ஆராதனைக்கு மரியாதைதானா?
ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் மாமியாருக்கு நடந்தது தப்புங்க. அதற்காகக் கேள்வி கேட்கிற முறையே தப்பு என்று ஆகாது.

பீடத்தைப் பொறுத்தவரை, நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து நின்று வாசித்தார், புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துதான் பேச ஆரம்பித்தார், லூக்கா 4இல் இருக்கிறது. மலைப்பிரசங்கமும் உட்கார்ந்து சொன்னதுதான். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் இருந்தபோது அவர் கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். 'உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது' என்று கேட்டுத்தான் இரண்டு குமாரருடைய உவமையையே ஆரம்பிக்கிறார். ஆக, கேள்வி கேட்பது சபைக்குப் புதுசு இல்லை.

ஆனால் ஆயர் ஐயா கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இதை வெட்டி அவர் மேஜைமேல் வைத்துவிடுங்கள். நம் பக்கத்துச் சனங்கள் திண்ணையில் உட்கார்ந்தால் ஊர் நியாயம் முழுக்கப் பேசுவார்கள், நாலு பேர் நடுவில் பெயர் சொல்லி எழுப்பினால் வாயைத் திறக்க மாட்டார்கள். அதிலும் மாமனார், மச்சாண்டார் எல்லாம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெரியம்மாவை எழுப்பிக் கேட்டால் அது பரீட்சை ஆகிவிடுகிறது. பதில் தெரியாவிட்டால் அவமானம், தெரிந்தாலும் கூச்சம். 'யோனா எத்தனை நாள் மீன் வயிற்றில் இருந்தார்' என்பது சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கான கேள்வி. பெரியவர்களிடம் கேட்பதென்றால் தப்பான பதிலே இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும். யோனாவுக்கு நினிவேமேல் அவ்வளவு கோபம் வந்ததே, உங்களுக்கு எந்த ஊர்மேல், எந்தக் குடும்பத்தின்மேல் அப்படி? சத்தமாகச் சொல்ல வேண்டாம், ஒரு நிமிஷம் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் உங்கள் மாமியார் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார், யாரையாவது நினைத்துக்கொண்டே சாப்பிட்டிருப்பார்.

இன்னொரு வழி, கேள்வியை முந்தின ஞாயிறே அறிவிப்போடு சேர்த்துச் சொல்லிவிடுவது. பேச விருப்பமுள்ள இரண்டு பேர் வாரத்தில் ஆயரிடம் வந்து சொல்லட்டும், அவர்கள் அனுமதியோடு அதைப் பிரசங்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். உரையாடலும் ஆயிற்று, யாரையும் எழுப்பவும் வேண்டாம். ஆயர் கீழே இறங்கி நடக்கும்போது வயர் இல்லாத மைக் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். பின்வரிசையில் காது மந்தமானவர்கள் கோபப்படுவதற்குப் பல நேரம் அதுதான் காரணம், இறையியல் ஒன்றும் இல்லை.

அண்ணன்மார் கதை பாடுகிற மாதிரி உடுக்கை அடித்துக் கிறிஸ்துமஸ் செய்தி சொல்ல வாலிபர்கள் ஆசைப்படுகிறார்கள். வில்லுப்பாட்டு செய்யலாமே என்கிறார்கள் சிலர். உங்கள் கருத்து?
ஒரு வாசகர், காங்கேயம்

வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டுச் சொத்து, அங்கே சபைகளில் நன்றாகவே செய்கிறார்கள். நமக்கு உடுக்கைதான் மண்ணோடு வந்தது. உங்கள் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில்தான் 1965இல் பிரெண்டா பெக் என்கிற ஆய்வாளர் அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையைப் பாடகர்கள் பாடப் பாட டேப்பில் பதிவு செய்தார், ராத்திரி ராத்திரியாக நடந்த பாட்டு அது.

பாட்டாகச் செய்தி சொல்வது திருச்சபைக்கு அந்நியமா என்றால், இல்லவே இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), சரபோஜி மன்னரோடு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், குறத்தியும் குறியும் வருகிற குறவஞ்சி வடிவத்தையே எடுத்து பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். மராத்தியில் நாராயண் வாமன் திலக் (1861-1919) கோயில் கீர்த்தன முறையில், பாட்டும் வசனமுமாகக் கிறிஸ்துவைச் சொன்னார். இவர்கள் இரண்டு பேரும் அதைச் சும்மா மேடை அலங்காரத்துக்காகச் செய்யவில்லை, அந்தக் கலையை முறையாகக் கற்றுக்கொண்டு செய்தார்கள்.

ஆனால் உடுக்கை என்று வரும்போது கொஞ்சம் நிதானியுங்கள். அதன் சத்தம் கேட்டால் அருள் வந்து ஆடினது, பேய் விரட்டினது எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் உங்கள் சபையில் இருப்பார்கள். அதை விட்டு வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் வெறும் தாளம் இல்லை. அவர்களைக் கேட்காமல் கமிட்டியில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது முறையில்லை, முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். வேண்டாம் என்றால் வாத்தியத்தை விட்டுவிட்டு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்கிறவர் ஒருவர், பக்கத்தில் 'ஆமா', 'அப்புறம்?', 'அதெப்படிங்க?' என்று கேட்கிற பின்பாட்டுக்காரர் ஒருவர். கூட்டத்தின் சந்தேகத்தை எல்லாம் அந்தப் பின்பாட்டுக்காரர் வாயில் வையுங்கள். 'ஏனுங்க, பிள்ளைத்தாச்சிப் பொண்ணைக் கூட்டீட்டு அவ்வளவு தூரம் குடிமதிப்பு எழுதவா போனாங்க?' என்று அவர் கேட்டால் கூட்டம் தானாகக் காது கொடுக்கும். பாட்டு வராத வாலிபர்களுக்கும் இது வரும்.

பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கலாம்? எங்கள் போதகர் ஒரு மணி நேரம்.
ஒரு வாசகர், பொள்ளாச்சி

போப் பிரான்சிஸ் 2024இல் தம் குருமார்களுக்கு எட்டு நிமிஷம் என்றார். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசி, ஜன்னலில் உட்கார்ந்து தூங்கின ஐத்திகு மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து, அவனை உயிரோடு எழுப்பிவிட்டு, அப்புறமும் விடியும் வரை பேசினார். உங்கள் போதகர் இரண்டாவது கட்சி. சபையில் மாடி இல்லையே என்று சமாதானப்பட்டுக்கொள்ளுங்கள்.

சீரியஸாகக் கேட்டால், கதை போலக் கொண்டுபோகிற பிரசங்கத்துக்கு இருபது நிமிஷம் தாராளம். அதற்குமேல் போனால் அடுத்து என்ன என்கிற ஆவல் போய், எப்போது முடியும் என்கிற ஆவல் வந்துவிடும்.

பெண்கள் ஞாயிறுக்கு என்னைச் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணாகவே நின்று பேசலாம் என்று நினைக்கிறேன். நாடகம் மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். கல்லூரியில் படிக்கிறேன்.
ஒரு வாசகி, அவிநாசி

ஆகாது கண்ணு, செய். புடவைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு அழுது அரற்றினால்தான் நாடகம். சாதாரணமாக உன் உடையிலேயே நின்று, சாதாரணக் குரலில் 'எங்க ஊர்ல கிணறு ஊருக்கு வெளியே' என்று ஆரம்பித்தால் போதும். தண்ணிக்குக் குடத்தோடு அலைந்த கதை உங்கள் ஊர் அம்மாக்களுக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை. அத்திக்கடவுத் திட்டத்துக்கு எத்தனை தலைமுறை காத்திருந்த ஊர் அது! தண்ணி எடுக்கப் போகிற நேரம் எது, யார் யார் கூட வருவார்கள், தனியாக உச்சி வெயிலில் ஒருத்தி போனால் ஊர் என்ன பேசும், இதெல்லாம் ஒரு வரியில் சொன்னாலே அவர்கள் மீதியை நிரப்பிக்கொள்வார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அவளுக்கு ஐந்து புருஷர் இருந்தார்கள் என்று யோவான் 4 சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. செத்துப்போனார்களா, தள்ளிவிட்டார்களா, தெரியாது. அவளை நடத்தை கெட்டவள் என்று இயேசுவும் சொல்லவில்லை, பிரசங்கியார்கள்தான் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவள் வாயாகப் பேசும்போது வேதம் சொல்லாத பாவத்தை அவள் தலையில் நீ கட்டாதே. அவள் கேட்ட கேள்விகளைக் கேள்: மொண்டுகொள்ள உம்மிடம் பாத்திரம் இல்லையே, எங்கே தொழ வேண்டும், இந்த மலையிலா எருசலேமிலா? ஊரில் யாரோடும் பேசாத பெண் இல்லை அவள், நன்றாக வாதாடுகிறவள். கடைசியில் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் போனாள், அந்தக் குடத்தோடு நிறுத்திக்கொள். எழுதி வைத்துப் படிக்காதே, வேண்டுமானால் வசனங்களை மட்டும் ஒரு சீட்டில் வைத்துக்கொள். வீட்டில் அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார், அவர் நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனால் அந்த இடத்தை வெட்டிவிடு.

புரொஜெக்டர் வைத்தால் இளைஞர்கள் கவனிப்பார்களா?
ஒரு வாசகர், கரூர்

திரையைக் கவனிப்பார்கள். வரைபடம் காட்ட, பாட்டு வரிகள் காட்ட நல்லது. நீங்கள் சொல்லப்போவதை நீங்கள் சொல்லும் முன்பே அது காட்டிவிடும், அதனால் மேலே சொன்ன கதை முறைக்கு அது ஆகாது.

நான் போதகர். மூன்று மாதமாகச் சபையில் கதை முறையில் பிரசங்கம் செய்கிறேன். வாசலில் கை குலுக்கும்போது எல்லோரும் 'நல்லா இருந்துச்சுங்க ஐயா' என்கிறார்கள். கமிட்டியில் மட்டும் 'பழையபடி பண்ணச் சொல்லுங்க' என்று தீர்மானம் வரப்போவதாகக் கேள்வி. எதை நம்புவது?
ஒரு போதகர், தாராபுரம் பக்கம்

இரண்டையும் நம்பாதீர்கள் ஐயா. வாசலில் நம் ஊரில் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். பிரசங்கமே நடக்காமல் மைக் ரிப்பேராகி நின்ற அன்றைக்கும் அதே 'நல்லா இருந்துச்சுங்க'தான் வரும். புதன்கிழமை வீடு சந்திக்கப் போகும்போது, ஞாயிற்றுக்கிழமை எதைப் பற்றிப் பேசினேன் என்று சும்மா பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பகுதி ஞாபகம் இருக்கிறதா, நீங்கள் சொன்ன சம்பவம் மட்டும் ஞாபகம் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பவம் மட்டும்தான் என்றால் கமிட்டி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

கமிட்டிக்காரர்கள் கோபத்துக்கு உண்மைக் காரணம் என்ன என்பதையும் தோண்டிப் பாருங்கள். பல இடங்களில் பிரசங்க முறைமேல் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆராதனை பன்னிரண்டைத் தாண்டிப் போகிறது, தோட்டத்துக்கு ஆள் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், பஸ் போய்விடுகிறது. இல்லையென்றால், எழுதி வைத்துக்கொள்கிற பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் இருப்பார், வருஷக்கணக்காக நோட்டுப் போட்டுக் குறிப்பு எடுத்தவர், இப்போது நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்காமல் தவிப்பார். அவருக்காக, முடித்த பிறகு வேதபகுதியையும் இரண்டு வரியையும் அறிவிப்புத் தாளில் அச்சடித்துக் கொடுங்கள், ஆள் உங்கள் பக்கம் வந்துவிடுவார். எல்லா ஞாயிறும் ஒரே முறையில் செய்ய வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்தைக் கதையாகச் சொல்ல முயன்றால் உங்களுக்கே மூச்சு வாங்கும், அதற்குக் குறிப்பு முறைதான் சரி. திருவிருந்து ஞாயிறில் பழைய முறை, மற்ற ஞாயிறுகளில் பகுதிக்கு ஏற்றபடி என்று நீங்களே ஒரு ஏற்பாட்டோடு போய்ச் செயலாளரைப் பாருங்கள். கூட்டத்துக்கு முந்தின நாளே பார்த்துவிடுங்கள், தீர்மானம் மினிட்ஸ் நோட்டில் ஏறிவிட்டால் அதை இறக்க அடுத்த சபை எலெக்‌ஷன் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.